மண்டபத்தில் கொடுத்த பெயர்

ஜனவரி 20, திங்கள்

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு போலீஸ்காரப் பெண் "பேரு?" என்று கேட்டபோது என் சொந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் முழுத் தப்பும் என்னுடையது இல்லை. பாதித் தப்பு என் மூத்திரப்பையைச் சேரும்.

வேலைநிறுத்தத்தின் முதல் நாள். காலை ஏழு மணிக்கு வேம்பூரணியில் பஸ் ஏறியவள், பதினோரு மணிவரை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கோஷம் போட்டேன். ஐந்நூறு பெண்களுக்குக் கழிப்பறை ஒன்று, அதுவும் பூட்டியிருந்தது. அதனால் போலீஸ் வேன் வந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து ஏறினேன். "பாருங்கய்யா, ஜெபசீலி டீச்சருக்கு என்னா வீரம்!" என்று பின்னால் யாரோ கை தட்டினார்கள். கல்யாண மண்டபத்தில் கழிப்பறை இருக்கும் என்பதுதான் என் வீரம்.

மண்டபத்தில் கழிப்பறை மாடியில். மாடிப்படி அடியில் ஒரு பெண் காவலர் நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "பேரைச் சொல்லிட்டு மேல போங்க."

அந்த நோட்டுதான் எல்லோருக்கும் கிலி. அதிலிருக்கும் பெயர்கள் கல்வி அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பதினேழு-பி என்ற குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அது முடியும்வரை பதவி உயர்வுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆகவே பஸ்ஸிலேயே ஏகமனதாக முடிவாகியிருந்தது: அவரவர் மாமியார் பெயரைக் கொடுப்பது. "நம்மளப் படுத்தின பாட்டுக்கு ஒரு நாளாவது உள்ள இருக்கட்டும்" என்றாள் ஒருத்தி. நானும் செத்துப்போன என் மாமியார் ஞானசெல்வத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"பேரு?"

"உலகம்மாள்."

எங்கிருந்து வந்தது? எனக்கே தெரியாது. தெரியாது என்பதும் சரியில்லை. உலகம்மாள் என் பள்ளிக்கூடத்து சமூக அறிவியல் டீச்சர். போராட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அவளைத்தான் கருங்காலி, கருங்காலி என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன். நாக்கின் நுனியில் அவள் பெயர்தான் உட்கார்ந்திருந்தது. கேட்டதும் குதித்துவிட்டது.

இதில் இன்னொரு பிசகு. பெயரை மாற்றச் சொன்னார்களே தவிர, பள்ளிக்கூடத்தை மாற்ற யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மாமியாரை வைத்துச் சொந்தப் பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் அந்த மாமியார் இல்லை, ஆபத்தும் இல்லை. நான் சொன்ன பள்ளியில் நான் சொன்ன ஆள் இருக்கிறாள்.

மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம். ஆறு மணிக்கு "போகலாம்" என்றதும், யாரும் சொல்லாமல் நாங்களே வரிசையாக நின்றோம். பழக்கம்.

வீட்டில் பொன்ராஜ் கேட்டார். "என்ன பேரு கொடுத்த?"

"உங்க அம்மா பேரு."

"எங்கம்மாவ அரெஸ்ட் பண்ணிட்டியா?" என்று அரை மணி நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இரண்டாம் நாள் கைது. போலீஸ்காரர்களுக்கும் எங்களுக்கும் இப்போது ஒரு முகூர்த்த ஒழுங்கு வந்துவிட்டது. பதினோரு மணிக்கு ஏற்றுவார்கள், பன்னிரண்டுக்குப் பந்தி.

வேலைநிறுத்தத்தில் வாத்தியார்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊர் கேட்கிறதாமே. வந்து பார்க்கட்டும். மேடையில் போன வாரக் கல்யாணத்து தெர்மகோல் எழுத்தில் பாதி மாப்பிள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு கணக்கு டீச்சர் அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்து சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் இல்லாத நாளில் வேலை பார்க்கும் ஒரே தொழிலாளி வர்க்கம் நாங்கள்தான். ஜமுக்காளத்தில் சுங்குடிச் சேலை வியாபாரம். தூண் ஓரத்தில் இரண்டு ஜாதகம் கைமாறியது. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் ஒற்றைப் பிளக்குக்காக இரண்டு சங்கங்களின் ஒற்றுமை குலைந்தது. நான் எங்கள் தலைமையாசிரியர் அருணகிரி சார் இறைவணக்கத்தில் கொட்டாவியை விழுங்குவதை நடித்துக் காட்டினேன். நல்ல வரவேற்பு.

மகளிர் அணிச் செயலாளர் கஸ்தூரிபாய் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க ஸ்கூல்ல ஸ்ட்ரைக்குக்கு வராம வேலைக்குப் போறது யாரு?"

"உலகம்மாள்தான், வேற யாரு."

"ஏனாம்?"

"பிள்ளைங்களுக்காகன்னு சொல்லுதா. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல்ல நாப்பத்தொண்ணாம் நம்பர்க்கா. பிள்ளைங்களாவது ஒண்ணாவது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே பட்டியலில் நாற்பத்திரண்டாம் நம்பர் நான். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவள் என்னைவிட மூன்றே நாள் முந்தி வேலையில் சேர்ந்தாள். இந்த வருஷம் காலியிடம் நாற்பத்தொன்று என்று பேச்சு. இதெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கஸ்தூரிபாய் அக்கா மட்டும் நோட்டுக்காரியிடம் தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார், எழுத்துக்கூட்டி. எங்களுக்கெல்லாம் புல்லரித்தது. பிறகு நாங்கள் எங்கள் மாமியார்களைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனோம்.

ஜனவரி 22, புதன்

மறியல் இல்லை, பேச்சுவார்த்தையாம். வீட்டில் இருந்தேன். எனக்கு டைபாய்டு. தெரிந்த டாக்டரிடம் வாங்கிய சான்றிதழ்படி பத்து நாள் படுத்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கல்வி அலுவலக எழுத்தர். ஆகையால் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட பொன்ராஜை அனுப்பினேன். "டைபாய்டு உனக்கு, வெயில் எனக்கா?" என்று கேட்டுவிட்டு ஏறினார்.

ஜனவரி 23, வியாழன்

மூன்றாம் நாள் கைது. மழை. பெயர் எழுதினார்கள், வழக்கம்போல. தக்காளி சாதம்.

ஜனவரி 24, வெள்ளி

திங்கட்கிழமை பத்து மணிக்குள் வேலையில் சேராவிட்டால் பணியிடம் காலியாக அறிவிக்கப்படும் என்று அரசு சொல்லிவிட்டது. கஸ்தூரிபாய் அக்கா போனில் அழுதார். நானும் அழுதேன். அழுதபடியே திங்கட்கிழமைக்குச் சேலை தேய்த்து வைத்தேன்.

ஜனவரி 27, திங்கள்

ஒன்பதே காலுக்கே எல்லோரும் ஆஜர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அருணகிரி சாருக்கு இதயப் படபடப்பு என்று மருத்துவ விடுப்பு. அதிலிருந்து குணமாகி அவரும் வந்துவிட்டார். வந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்து வருகைப் பதிவேட்டை மேஜையில் வைத்தார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மனிதர் விடுப்பில் போகும்போது பதிவேட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார். உலகம்மாள் ஐந்து நாளும் வந்திருக்கிறாள். கையெழுத்துப் போடப் பதிவேடு இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைத் தலைமையாசிரியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறாள். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளையும் வேப்பமர நிழலில் உட்கார வைத்து, பத்தாம் வகுப்புக்காரர்களை ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல விட்டு, சத்துணவையும் அவளே பார்த்திருக்கிறாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"டீச்சர், டைபாய்டு எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் வராது, அதுதான் அவளிடம் பெரிய தொல்லை.

ஆசிரியர் அறையில் யாரும் அவளோடு பேசுவதில்லை என்று தீர்மானம். தீர்மானத்தை முன்மொழிந்தது நான். அவள் நாற்காலிக்கு மேலிருந்த மின்விசிறியை அணைத்ததும் நான். அவள் எழுந்து போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நோட்டால் விசிறிக்கொண்டு திருத்தினாள்.

பிப்ரவரி 3, திங்கள்

மாவட்டத்தில் பதினாலு பேர் தற்காலிகப் பணிநீக்கம். எங்கள் பள்ளியில் ஒருவர். உலகம்மாள்.

உத்தரவு வந்தபோது அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அருணகிரி சார் ஆள் அனுப்பினார். கையில் சாக்பீஸோடு வந்து படித்தாள். 'மூன்று நாட்கள் மறியலில் ஈடுபட்டுக் கைதானதாகக் காவல்துறைப் பட்டியலில் காணப்படுவதாலும், வேலைநிறுத்த நாட்களில் வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இல்லாததாலும்...'

"சார், நான் இங்க இருந்தேனே சார்" என்றாள். அவ்வளவுதான். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வகுப்புக்குப் போனாள். கரும்பலகையைத் துடைத்தாள். அழித்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். பையை எடுத்துக்கொண்டு பதினொன்றரை மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆசிரியர் அறையில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "போராட்டத்துக்கே வராத ஆளு, தியாகி ஆயிட்டாங்க டோய்!" நானும் சிரித்தேன். எல்லோரையும்விட ஒரு சுற்று கூடவே சிரித்திருப்பேன். பிறகு யாரோ, "அது எப்படி அவங்க பேரு போச்சு?" என்று கேட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

மூன்று நாள் என்று போட்டிருந்ததே என்று இதைப் படிப்பவர் கேட்கலாம். யாரும் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் பதில் சொல்கிறேன். முதல் நாள் வாய் தவறியது. மறுநாள் அதே போலீஸ்காரி, அதே நோட்டு. "நேத்து ஒரு பேரு, இன்னைக்கு ஒரு பேரா?" என்று பிடித்துவிட்டால்? அதனால் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும். ஆரம்பித்த பொய்யை ஒழுங்காக நடத்த வேண்டாமா.

பிப்ரவரி 5, புதன்

சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றாள். அவள் கணவர் சண்முகவேல் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தப் பதினாறு நாளும் அவள் வகுப்பையும் நான்தான் எடுத்தேன். அப்போதுகூட இவ்வளவு மெலியவில்லை. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு உதவி. நீங்க மூணு நாளும் மண்டபத்துல இருந்தீங்கள்ல?"

"யாரு சொன்னா?"

"பேசிக்கிட்டாங்க டீச்சர். நான் யார்ட்டயும் சொல்லல. நீங்க இருந்திருந்தா, நான் அங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. ஒரு கடுதாசி, ரெண்டே வரி. 'உலகம்மாள் அங்க இல்ல, நான் பார்த்தேன்'னு. விசாரணை அதிகாரி கேக்குறாங்க. சாட்சி இருக்கான்னு."

"பார்த்தேன்னு எழுதலாம். இல்லைங்கிறத எப்படிப் பார்த்தேன்னு எழுதுறது?" என்றேன். ஜோக் மாதிரி. அவள் அதையும் யோசித்தாள்.

"எழுதுனா உங்களுக்குச் சங்கடம், தெரியும். மெடிக்கல் லீவு போட்டிருக்கீங்க. ஆனா எனக்கு வேற யார்ட்ட கேக்கன்னு தெரியல. மத்தவங்க எங்கூடப் பேசுறதில்ல."

பேசாமல் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. எழுதித் தருகிறேன் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. காய்ச்சல். நிஜமானது.

அவள் போனபிறகு பொன்ராஜ் கேட்டார். "எழுதுவியா?"

"எழுதாம?"

"அவங்க பேரு அங்க எப்படிப் போச்சு ஜெபா?"

"எனக்கென்ன தெரியும்? எவளோ வேண்டாதவ குடுத்திருப்பா."

பிப்ரவரி 6, வியாழன்

எழுதவில்லை. சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதவில்லை. ஏழாம் வகுப்புக்கு அமிலங்களும் காரங்களும்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதாமலே அவளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். அருணகிரி சார் அந்த வெள்ளைத்தாளை அனுப்பினாலே போதுமே. இடைவேளையில் போய்க் கேட்டேன்.

"எந்த வெள்ளைத்தாள்?"

"கண்ணாடிக்கு அடியில இருந்துச்சே சார்."

"டீச்சர், வெள்ளைத்தாள் ஆவணம் ஆகாது. தெரியும்ல?"

"ஆகாட்டியும் அனுப்பலாமே சார். அவங்க வந்தது உண்மைதானே."

சார் எழுந்து கதவைச் சாத்தினார். "பதிவேடு ஏன் உள்ள இருந்துச்சுன்னு விசாரணைக்கு வர்றவன் கேப்பான். சாவி ஏன் என் வீட்ல இருந்துச்சுன்னு கேப்பான். எனக்கு மே மாசம் ரிடையர்மென்ட். அந்தம்மாவுக்காக நான் தெருவுல நிக்கவா?" பிறகு குரலை இறக்கினார். "சரி, உங்க டைபாய்டு எந்த ஆஸ்பத்திரி?"

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இப்போது ஒரு முருகன் படம் இருக்கிறது. நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன், கிறிஸ்தவள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையிலிருந்து உலகம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்தான் கூப்பிட்டேன், "எழுதிக்கிட்டிருக்கேன்" என்று இன்னொரு தடவை சொல்ல. பத்து மணிக்கு இல்லை. பதினொன்றுக்கு இல்லை. நேற்று அவள் பேசும்போது, "இனிமே யாரையும் சிரமப்படுத்த மாட்டேன் டீச்சர்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நேற்று அது மரியாதையாகத்தான் கேட்டது. இன்று வேறு மாதிரிக் கேட்டது.

காய்ச்சலும் பேதியும் என்று அருணகிரி சாரிடம் சொல்லிவிட்டு (என் நோய்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்) ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஜெபம். என்ன ஜெபம்? 'ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும்' என்று எழுதினால் நன்றாக இருக்கும். 'ஆண்டவரே, என் பெயரை எழுதி வைத்திருக்கக் கூடாது' என்றுதான் ஜெபித்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து, "யாரும்மா நீ?" என்றாள்.

கதவு திறந்தது. உலகம்மாள் நின்றாள். தலை வாரவில்லை. அவளுக்குப் பின்னால் தரை முழுக்கப் பழைய நோட்டுகள், டைரிகள், பாடக்குறிப்பேடுகள்.

"போன்?"

"அணைச்சு வச்சேன் டீச்சர். மாத்தி மாத்திக் கேக்குறாங்க. நீ போனியா, போகலையான்னு. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நான் அந்த மூணு நாளு என்ன பாடம் நடத்தினேன்னு தேடிப் பார்க்கேன். எழுதி வச்சிருக்கேன், இந்தா பாருங்க. இருபதாம் தேதி முதல் உலகப்போர். இருபத்தொண்ணு, அதோட விளைவுகள்." விரலால் வரி வரியாகக் காட்டினாள். "நான் இருந்திருக்கேன்ல டீச்சர்? நான் இங்கதானே இருந்திருக்கேன்?"

இருந்திருக்கீங்க, என்றேன். அந்த நோட்டுகளின் நடுவில் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டீங்களா?" என்று வந்தது. ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

தகவலுக்காக மட்டும்: பதவி உயர்வுப் பட்டியல் திருத்தி வந்திருக்கிறது. குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவர்கள் நீக்கம். நான் இப்போது நாற்பத்தொன்று. கலந்தாய்வு 22ஆம் தேதி.

அருணகிரி சார் கை கொடுத்தார். "வாங்க, தலைமையாசிரியர் மேடம்." ஆசிரியர் அறையில் மைசூர்பாகு கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். கால் கிலோ போதாது என்றார்கள், இன்னொரு கால் கிலோ வாங்கினேன். எனக்கு ஒரு துண்டு வைத்தார்கள். அதைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அறையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் பொன்ராஜுக்குச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்த டீச்சருக்குக் கடுதாசி?"

"22 முடியட்டும்ங்க. ஒரேயடியா நிம்மதியா எழுதிருவேன்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இருபத்தாறு வருஷத்தில் பேப்பரைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. படிகளில் ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. இந்தத் தடவை சான்றிதழே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

கலந்தாய்வுக்கு நீதிமன்றத் தடை. யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டியல் மொத்தமும் ரத்தாகலாமாம். மறு உத்தரவு வரும்வரை யாருக்கும் பதவி உயர்வு இல்லை.

பிப்ரவரி 22, சனி

மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அது இன்று காலை என்னை உட்காரவிடவில்லை. எத்தனை நாள்தான் ஓர் அப்பாவியை வதைப்பது? வருவது வரட்டும் என்று பேனாவை எடுத்தேன். தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் பிரதியை 'பொருள்: வாய் தவறியமை குறித்து' என்று ஆரம்பித்துவிட்டேன். கிழித்தேன். இரண்டாவதில் மூத்திரத்தைப் பற்றி ஒரு பத்தி வந்துவிட்டது. அரசுக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. மூன்றாவது சரியாக வந்தது. மருத்துவச் சான்று பொய், நான் மூன்று நாளும் மறியலில் இருந்தேன், பஸ்ஸில் உலகம்மாளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததில் பயத்தில் வாய் தவறி அவர் பெயரைச் சொல்லிவிட்டேன், பிறகு மாற்றப் பயந்தேன், அவர் நிரபராதி.

பொன்ராஜிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தார். "நேத்து அந்தத் தடை உத்தரவு வந்துச்சே, அதுக்கு முன்னாடி எழுதுனதா, பின்னாடி எழுதுனதா?" என்றார். மனுஷருக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது.

மார்ச் 5, புதன்

விசாரணை. கல்வி அலுவலகத்து வராந்தாவில் ஒரு பெஞ்ச். உலகம்மாள் ஒரு துணிப்பை நிறையப் பாடக்குறிப்பேடுகளோடு வந்திருந்தாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"உங்க பேரை யாரு கொடுத்திருப்பாங்கம்மா? யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எனக்கு வேண்டாதவங்க யாரும் கிடையாது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு மாசமா அதத்தான் சார் யோசிக்கேன். ஒவ்வொரு முகமா நினைச்சுப் பார்க்கேன். யாரையும் அப்படி நினைக்க முடியல. நினைக்காம இருக்கவும் முடியல. அதுதான் சார் கஷ்டமா இருக்கு, வேலை போனதவிட."

நான் எழுந்து உள்ளே போனேன். கூப்பிடவில்லை, நானே போனேன். கடிதத்தை மேஜையில் வைத்தேன்.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற வேண்டிய வயதில் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு முறை படித்தார். "மூணு நாளும் வாய் தவறிச்சாம்மா?"

"முதல் நாள்தான் சார். மத்த ரெண்டு நாளு பயம்."

"பஸ்ஸுல வரும்போது இவங்களப் பத்தியே பேசிட்டு வந்தீங்க. கேட்டதும் அந்தப் பேரே வந்துருச்சு. அதானே?"

"ஆமா சார்."

"ம்." தன் முன்னாலிருந்த தட்டச்சுப் பட்டியலைப் புரட்டினார். அதில் பெயர், பதவி, பள்ளி என்று மூன்று கட்டங்கள்தான். "ஸ்டேஷன்ல இருந்து மூல நோட்டை வரவழைக்கணும்னு நினைச்சேன். நீங்களே ஒத்துக்கிட்டீங்க, இனிமே அது எதுக்கு." என் கடிதத்தைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். உலகம்மாளுக்கு ஒரு வாரத்தில் பணியில் சேர உத்தரவு வரும் என்றார். எனக்குக் குற்றச்சாட்டு வரும் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

வெளியே வந்தோம். அவள் துணிப்பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திட்டுவாள், துப்புவாள், அறைவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். நிழற்குடையில் துணிப்பையை இறக்கி வைத்தாள். திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"வாய் தவறுறது யாருக்கும் வரும் டீச்சர். நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். யாரோ வேணும்னே செஞ்சுட்டாங்கன்னு. அந்த நினைப்புத்தான் என்னைச் சோறு தின்ன விடல. இப்ப பாருங்க, ஒண்ணுமே இல்ல. நாக்கு பண்ணின வேலை." சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். "இன்னைக்குத் தூங்கிருவேன்."

பஸ் வந்தது. அவளே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். வேம்பூரணி வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அந்தப் போலீஸ்காரப் பெண்ணின் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. முதல் நாள் அவள் அதில் சண்முகவேல் என்று எழுதி முடித்ததும், முன்னால் 'லேட்' போடச் சொன்னது நான்.